பக்கச் சுவர் இல்லாத அறை

தம்பெரேயில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
கடைக்காரப் பையன் ஒஸ்காரி
மூன்று ஜோடிப் பெட்டிகளை எடுத்துவைத்துவிட்டுக் கேட்டான்:
"சோபா எங்கே?"
கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை.
சோபா எங்கே.

பின்சுவரை ஒட்டி, என்றேன்.
இடப்பக்கம்?
சுவரே கிடையாது. சமையலறை திறந்து கிடக்கிறது.
வலப்பக்கம்?
ஜன்னல். மூன்றடுக்குக் கண்ணாடி. அப்பால் ஏரி,
அதாவது, பகலில்.

முகத்தைச் சுளித்தான்.
லிஃப்ட் வடத்தில் ஓர் இழை அறுந்திருக்கக் கண்டால்
நானும் அப்படித்தான் சுளிப்பேன்.

முதல் ஜோடிக்கு ஒரே முகம்.
யாரைப் பார்க்கிறதோ அவரிடம் பேசும்.
கதவு தட்டினால் எந்தக் கதவென்று தெரியும்.
ரொம்பக் கிட்டே உட்கார்ந்தால்
காதுக்குள் ஏறி நின்று பேசும்.

அடுத்ததற்கு இரண்டு முகம்.
முன்னும் பின்னும் ஒரே சொல்லை
ஒரே மூச்சில் சொல்லும்.
கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள் அப்படிப்பட்ட தம்பதியை.

மூன்றாவதற்கும் இரண்டு முகம்தான்.
ஆனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்.
இரண்டும் சந்திக்கிற நடுக்கோட்டில்
சத்தம் செத்துப்போகும்.
"ஆளை அங்கேதான் உட்காரவைக்கணும்" என்றான் ஒஸ்காரி.
"பெட்டி இருக்கும் இடமே தெரியாது.
சுவரில் பட்டுத் திரும்புவதுதான் வந்து சேரும்.
மழைக்கும் காட்டுக்கும் இதை அடிக்க ஆளில்லை."

எனக்கு அது பிடித்துவிட்டது.
இருபது வருடமாக என் பிழைப்பே அதுதான்:
கூண்டு ஏறும், எடைக்கல் இறங்கும்,
நடுவில் ஒரு நொடி இரண்டும்
ஒன்றையொன்று முகம் பாராமல் கடக்கும்.

வெண்லா அதுவரை போனில் இருந்தாள்.
பன்னிரண்டு வயது.
ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் மர்யூக்காவிடம்.
ஞாயிறு ஐந்து மணிக்குப் பை கைமாறும்.
தலை நிமிராமல் சொன்னாள்:
"அந்த நடு இடம் எனக்கு வேண்டாம்."

ஒஸ்காரி சிரித்தான்.
"எப்படியும் பக்கச் சுவர் இல்லாத வீட்டுக்கு
அது சரிவராது" என்றும் சொன்னான்.
அவன் காரணத்தையே என் காரணமாக வைத்துக்கொண்டு
ஒரே முகத்து ஜோடியை வாங்கினேன்.
டிராமில் ஆளுக்கொரு பெட்டி, மடியில்.

சனிக்கிழமை முழுக்க அளவு நாடாவோடு போனது.
சோபாவைச் சுவரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் முன்னே இழுத்தோம்.
அடியில் இரண்டு ஹேர்பின், ஒரு ஐரோ,
மர்யூக்கா தேடித் தேடிக் கைவிட்ட திருகாணி.
உட்கார்ந்த காதுக்கு ஒரு சாண் மேலே,
தோளுக்குச் சற்றுப் பின்னே,
கால்வைத்த தாங்கிகளில் ஏற்றினோம்.
இடதுபெட்டி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றது,
வேலை தேடி வந்தவனைப்போல.

மழைக் காட்சி ஒன்றைப் போட்டேன்.
வலப்பக்கம் கண்ணாடியில் பட்டு எகிறியது.
இடப்பக்கத்து மழை சமையலறைக்குள் போனது,
போனதுதான்.

கதவு தட்டும் சத்தம்.
வெண்லா வலது பெட்டியைப் பார்த்தாள், பிறகு இடது பெட்டியை.
வாசலில் கீழ்வீட்டு பாவோ, கம்பளிக் காலுறையோடு, கையில் வாளி.
"குழாய் உடைந்துவிட்டதா?"
அவரையும் உட்காரவைத்தோம்.
வாளியை மடியில் வைத்தபடியே
படம் முடியும்வரை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பிப் பார்த்தபோது வெண்லா சோபாவில் இல்லை.
சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே,
நாங்கள் அளந்து திறந்த அந்த அறுபது சென்டிமீட்டரில்
கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.
எந்தப் பெட்டியும் பார்க்காத இடம்.
"இங்கே நல்லாக் கேட்குது" என்றாள்.

கேட்காது. எனக்குத் தெரியும்.
பழைய போர்வை ஒன்றை மடித்து உள்ளே தள்ளினேன்.
பிறகு இடது பெட்டியை இரண்டு டெசிபல் கூட்டினேன்.
திறந்த பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கிறது.